யூவேர்ல்டு ஸ்டெப் 2 சிகே கேள்வி வங்கி: படிக்க வாங்கலாம், எடை போட வாங்காதீர்கள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் பார்க்கிற பிள்ளைகளில் அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது அங்கத்திய மேற்படிப்புப் பயிற்சிக்கு, குறி வைத்தவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. ஸ்டெப் 2 சிகே தேர்வில் ஸ்கோர் எவ்வளவு வேண்டும்? யூவேர்ல்டு என்ற இணையக் கேள்வி வங்கியை வாங்கினால் அது வந்துவிடுமா? இந்த மதிப்புரை இரண்டாவது கேள்விக்கானது. ஆனால் முதல் கேள்விக்கு விடை தெரியாமல் சந்தாவை எத்தனை மாதத்துக்கு எடுப்பது என்றுகூட முடிவு செய்ய முடியாது. அதனால் அதை முதலில் முடித்துவிடலாம்.

அங்கே மருத்துவராக எழுத வேண்டிய யூஎஸ்எம்எல்இ தேர்வில் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே (கிளினிக்கல் நாலெட்ஜ்) என்று படிகள் உண்டு. அதில் ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரி கடைசியிலிருந்து வெறும் பாஸ் அல்லது ஃபெயில். எண் கிடையாது. அதனால் எண்ணாக வந்து நிற்பது ஸ்டெப் 2 சிகே ஒன்றுதான், பாரம் முழுவதும் அதன் தலையில். அதன் பாஸ் மார்க் 2025 ஜூலை 1 முதல் 218. அதற்கு முன் 214. அமெரிக்க எம்.டி. மாணவர்கள் முதல் முறை எழுதும்போது எடுக்கும் சராசரி 250-ஐ ஒட்டி இருக்கிறது. பாஸ் மார்க்குக்கும் சராசரிக்கும் நடுவே 30 புள்ளிக்கு மேல் இடைவெளி. நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பாஸ் ஆகிவிட்டோம் என்று வீட்டில் அல்வா வாங்கிக் கொடுத்திருப்பார்கள்; இன்டர்வியூ அழைப்பு மட்டும் வராது.

‘இத்தனை எடுத்தால் சீட்’ என்று அதிகாரபூர்வமான கட்-ஆஃப் எதுவும் இல்லை. ஒவ்வொரு ப்ரோக்ராமும், அதாவது ரெசிடென்சி தரும் ஒவ்வொரு மருத்துவமனையும், விண்ணப்பங்களை வடிகட்டத் தானே ஒரு எண்ணை வைத்துக்கொள்கிறது, அதை வெளியே சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்தியாவில் படித்து முடித்தவருக்குத் தோராயமாகச் சொன்னால்: 230-களில் இருந்தால் சிறிய கம்யூனிட்டி மருத்துவமனைகளே நம்பிக்கை, அதுவும் படித்து முடித்து அதிக வருடம் ஆகாமல் இருந்தால். 240-களில் கம்யூனிட்டி ப்ரோக்ராம்கள் திறந்து பார்ப்பார்கள், பல்கலைக்கழகத்தோடு இணைந்த சிலவும் பார்க்கும். பல்கலைக்கழக ப்ரோக்ராம், பிறகு கார்டியாலஜி, கேஸ்ட்ரோ ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) என்று திட்டம் இருந்தால் 250-க்குக் கீழே இறங்கக் கூடாது. 260 தாண்டிவிட்டால் ஸ்கோர் தடையாக இருக்காது. அதற்கு மேல் பேசுவது ரிசர்ச்சும் சிபாரிசுக் கடிதங்களும் அமெரிக்காவில் வார்டில் நின்ற அனுபவமும். மிக உச்சியில் இருக்கும் சில ப்ரோக்ராம்கள் எந்த ஸ்கோருக்கும் வெளிநாட்டுப் பட்டதாரிகளை அதிகம் எடுப்பதில்லை. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. ஸ்டெப் 2 சிகே பாஸ் ஆகிவிட்டால், ஸ்கோரைக் கூட்டுவதற்காகத் திரும்ப எழுத முடியாது. நீட் பிஜி மாதிரி அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. 224 வாங்கியவர் காலம் முழுக்க 224-தான். ஃபெயில் ஆனால் மறுபடி எழுதலாம், மொத்தம் 4 முறை வரை. ஆனால் அந்த ஃபெயில் பதிவிலிருந்து அழியாது. ஆகவே இந்தத் தேர்வில் தேதியைத் தள்ளிப் போடுவது தோல்வி இல்லை. தயாராகாமல் போய் உட்காருவதுதான் தோல்வி. கேள்வி வங்கியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதும் இந்த ஒரு விதியிலிருந்தே கிளம்புகிறது.

இனி சரக்குக்கு வருவோம். யூவேர்ல்டு ஸ்டெப் 2 சிகே வங்கியில் 4,000-க்கு மேல் கேள்விகள். ஒவ்வொன்றும் ஒரு நோயாளியின் கதை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், கீழே ஐந்தாறு விடைகள். விடையைச் சொடுக்கியதும் விளக்கம் திறக்கும்: சரியான விடை ஏன் சரி, மற்றவை ஒவ்வொன்றும் ஏன் தவறு, நடுவில் ஒரு அட்டவணையோ படமோ, கடைசியில் சுருக்கமாக ‘எஜுகேஷனல் ஆப்ஜெக்டிவ்’. மற்றவர்கள் எத்தனை சதவீதம் எந்த விடையை எடுத்தார்கள் என்பதும் தெரியும். கொடுத்த காசுக்குப் பொருள் இந்த விளக்கங்கள்தான், கேள்விகள் அல்ல. அடியில் இருக்கும் சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுபவர், தேங்காயை உடைத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பருப்பைத் தூக்கி எறிகிறார்.

இது ஹைகிரவுண்டு ஆளுக்கு எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். வார்டில் பார்த்துப் பார்த்துக் கை பழகிய விஷயங்கள் உண்டு. மருந்து குடித்து வந்தவர், கண்மணி சுருங்கி வாயில் நுரையோடு கிடக்கிறார் என்ற ஆர்கனோபாஸ்பேட் (பூச்சிமருந்து) கேள்வி வந்தால் அட்ரோபினும் ப்ராலிடாக்ஸிமும் யோசிக்காமலே வரும். மழைக்காலக் காய்ச்சலில் கறுப்புப் பொருக்கைத் தேடி ஸ்க்ரப் டைபஸ் பிடித்தவர், உண்ணி கடித்து உள்ளங்கையில் தடிப்போடு வரும் ராக்கி மவுன்டன் காய்ச்சலைப் பார்த்து மிரள வேண்டாம். பூச்சி வேறு, ஊர் வேறு, மருந்து அதே டாக்சிசைக்ளின்.

காலை வாரும் இடம் இப்படி இருக்கும். யூவேர்ல்டு கேள்வி அல்ல, அந்த வார்ப்பில் செய்த மாதிரி: 67 வயது ஆண், வழக்கமான பரிசோதனைக்கு வந்திருக்கிறார், எந்தத் தொந்தரவும் இல்லை. 30 பேக்-இயர் (நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 30 வருடம் என்ற கணக்கு) புகைத்தவர், விட்டு 10 வருடம். கொலனோஸ்கோபி (பெருங்குடல் பரிசோதனை) நான்கு வருடம் முன்பு சரியாக இருந்தது. இரண்டு வருடம் முன்பு வயிற்று அல்ட்ராசவுண்டில் அயோர்ட்டா (பெருந்தமனி) சரி. அடுத்து என்ன? விடைகளில் நெஞ்சு எக்ஸ்-ரே, குறைந்த கதிர்வீச்சு சிடி, சளிப் பரிசோதனை, பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் ரத்தப் பரிசோதனை), எதுவும் வேண்டாம் என்று இருக்கும்.

நம்மவர் கை எக்ஸ்-ரேக்குப் போகும், அல்லது ‘எதுவும் வேண்டாம்’ என்பதற்கு. நோவே இல்லாதவருக்கு சிடி எடுப்பது இங்கே நடைமுறையில் இல்லை. விடை குறைந்த கதிர்வீச்சு சிடி. 50 முதல் 80 வயது, 20 பேக்-இயருக்குக் குறையாமல் புகைத்தவர், இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டு 15 வருடத்துக்குள்: இந்த மூன்றும் பொருந்தினால் வருடா வருடம் எடுக்க வேண்டும் என்பது அங்கத்திய பரிந்துரை. அந்த அல்ட்ராசவுண்டு வரி எதற்கு? 65 முதல் 75 வயதுக்குள் எப்போதாவது புகைத்த ஆணுக்கு ஒரு முறை அயோர்ட்டா பார்க்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அது ஏற்கெனவே முடிந்தது என்று அந்தக் கதவை அடைக்கிறார்கள். கொலனோஸ்கோபி வரியும் அப்படித்தான். இந்த மாதிரிக் கேள்வியில் சும்மா வந்த வரி குறைவு. யூவேர்ல்டு விளக்கத்தை நிதானமாக வாசித்தால் எந்த வரி எந்தக் கதவை அடைக்கிறது என்று பார்க்கப் பழகிவிடும். பாடப் புத்தகம் இதைக் கற்றுத் தராது.

இன்னொரு பள்ளம் எதிக்ஸ். கணையப் புற்று என்று அறிக்கை வந்திருக்கிறது. மகன் டாக்டரை வராந்தாவில் ஓரம் கட்டி, ‘அம்மாட்ட சொல்லிராதிய டாக்டர், தாங்க மாட்டா’ என்கிறான். இங்கே பெரும்பாலும் தலையாட்டிவிடுவோம். தேர்வில் தலையாட்டினால் தவறு. ‘சட்டப்படி சொல்லியே தீருவேன்’ என்று போய்ப் போட்டு உடைப்பதும் தவறு. மகன் ஏன் அப்படி நினைக்கிறான் என்று கேட்டுவிட்டு, அம்மாவிடம் போய், உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், அல்லது மகனிடம் சொன்னால் போதுமா என்று அவரையே கேட்பதுதான் விடை. முடிவு நோயாளியுடையது, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் முடிவு உட்பட. இந்தப் பகுதியில் யூவேர்ல்டில் கேள்விகள் போதாது என்பதே குறை. பக்கபலமாக ஆம்பாஸ் என்ற இன்னொரு கேள்வி வங்கியை வைத்திருப்பவர்கள் எதிக்ஸ், தர மேம்பாடு, புள்ளியியல் மூன்றுக்கும் அங்கே போவது சரியான முடிவு.

பெயர்த் தகராறும் உண்டு. பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்புடமால் ஆல்புடெரால், அட்ரீனலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின். பத்து நாளில் பழகிவிடும், இதற்காகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் நிகழ்தகவு பழக நாளாகும். எடை குறைந்து இருமலோடு வந்தால் நமக்கு முதலில் டிபி. அங்கே பயண வரலாறோ, சிறைவாசமோ, எச்ஐவியோ சொல்லாமல் டிபியைக் கொண்டு வர மாட்டார்கள்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். டியூட்டர் முறையில் ஒவ்வொரு கேள்விக்கும் உடனே விளக்கம் திறக்கும். டைம்டு முறையில் 40 கேள்வி கொண்ட ஒரு தொகுப்பை, அதாவது ஒரு ப்ளாக்கை, ஒரு மணி நேரத்தில் முடித்த பிறகுதான். முதல் இரண்டு வாரம் டியூட்டர் போதும். பிறகு டைம்டு, எல்லாப் பாடமும் கலந்து. ஒரு வாரம் கார்டியாலஜி, ஒரு வாரம் நெஃப்ராலஜி என்று பிரித்துப் போட்டால் சதவீதம் அழகாக இருக்கும், ஏனென்றால் விடை எந்த அறையில் இருக்கிறது என்று முன்பே தெரியும். தேர்வில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சராசரியாக ஒரு கேள்விக்கு 90 வினாடி. நீட் பிஜியில் 200 கேள்விக்கு மூன்றரை மணி நேரம், அதாவது 63 வினாடி. நேரம் கூடுதல் என்று மகிழ வேண்டாம், கதை மூன்று மடங்கு நீளம். இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும்: நீட்டில் தவறுக்கு ஒரு மார்க் போகும் என்று விட்டுவைப்போம். இங்கே நெகட்டிவ் கிடையாது. ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடக் கூடாது.

திரையில் ‘சஸ்பெண்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கரண்ட் போனால், டியூட்டியில் கூப்பிட்டால், நடுவில் நிறுத்தி வைக்கலாம். அசல் தேர்வில் ப்ளாக் தொடங்கினால் கடிகாரம் நிற்காது. வாரத்துக்கு இரண்டு ப்ளாக்காவது அந்தப் பொத்தான் பக்கம் போகாமல் முடிக்க வேண்டும். வீட்டில் முடியாவிட்டால் இன்வெர்ட்டர் இருக்கும் நண்பர் வீடு பார்த்துக்கொள்ளுங்கள். டவுனில் வீடு என்றால் ஆனித் தேரோட்ட வாரத்தில் ரதவீதி ஒலிபெருக்கிக்கு நடுவே ஒரு ப்ளாக் போட்டுப் பார்ப்பதும் ஒரு பயிற்சிதான்.

கணக்கு போட்டுத்தான் சந்தாவை எடுக்க வேண்டும். 40 கேள்வி போட ஒரு மணி நேரம், விளக்கம் வாசிக்க இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஆக ஒரு ப்ளாக் என்பது நான்கு மணி நேர வேலை. நாளுக்கு ஒரு ப்ளாக் என்றால் 4,000 கேள்விக்கு 100 நாள். கேஷுவாலிட்டி, மகப்பேறு போஸ்டிங்கில் நாளுக்கு ஒரு ப்ளாக் நடக்காது. கம்யூனிட்டி மெடிசினின் 12 வாரம்தான் மூச்சு விடும் காலம்: 84 நாள், 3,360 கேள்வி. அதில் தொடங்கி முன்னும் பின்னும் இழுத்தால் ஒரு சுற்று முடியும். 90 நாள் சந்தா எடுத்துவிட்டு கடைசி வாரத்தில் 1,500 கேள்வி பாக்கி என்று விழிப்பவர்களே அதிகம். 180 நாள் எடுங்கள். அந்தக் கால அளவிலிருந்துதான் ஒரு முறை ‘ரீசெட்’ செய்து புதிதாகத் தொடங்கும் வசதியும் வருகிறது. கடைசி எம்பிபிஎஸ்ஸோடு சேர்த்துப் படிப்பவருக்கு மட்டும் 360 நாள். நீண்ட சந்தாவில் சோம்பலும் சேர்ந்தே வரும்.

ரீசெட்டைப் பலர் வீணாக்குகிறார்கள். இரண்டாவது சுற்றில் 80 சதவீதம் வருகிறதே என்று துள்ளுவது, கேள்வி ஞாபகம் இருப்பதால். முதல் சுற்று சதவீதம் 50-களில் இருந்தாலும் அது தப்பான எண் அல்ல. முழு ரீசெட்டுக்குப் பதில் ‘இன்கரெக்ட்’, ‘மார்க்டு’ வடிகட்டிகளை வைத்துத் தவறானவற்றை மட்டும் போடுவது நேரத்துக்கும் நல்லது. கூடவே ஒரு 80 பக்க நோட்டு. தவறான கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி: பாடம் தெரியாததா, வரியைத் தவற விட்டதா, சரியானதைப் போட்டுவிட்டு மாற்றியதா, ‘நோய் என்ன’ என்று கேட்டதற்கும் ‘அடுத்து என்ன செய்வாய்’ என்று கேட்டதற்கும் வித்தியாசம் பார்க்காததா. ரத்த அழுத்தம் 80/50-ல் கிடக்கும் விபத்து நோயாளியை, ஃபாஸ்ட் ஸ்கேனில் (அவசர அல்ட்ராசவுண்டு) வயிற்றில் ரத்தம் தெரிந்த பிறகும் சிடி அறைக்கு அனுப்புவது நான்காவது வகைத் தவறு. அவர் போக வேண்டியது ஆபரேஷன் தியேட்டருக்கு. மூன்று வாரம் எழுதினால் உங்கள் தவறு எந்த வகை என்று நோட்டே சொல்லும். பாடம் தெரியாதது என்பது நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

டெலிகிராமில் கிடைக்கும் பிடிஎஃப் பற்றி. இலவசம்தானே என்று இறக்குகிறார்கள். திருட்டு என்பதை ஒரு பக்கம் வையுங்கள், பொருளே கெட்டுப்போன பொருள். பழைய பதிப்பில் பெருங்குடல் பரிசோதனை 50 வயதில் தொடங்கும், 2021-லிருந்து 45. மார்பகப் பரிசோதனை 50 என்று இருக்கும். 2024-லிருந்து 40 முதல் 74 வரை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. தவறான விடையைக் கவனமாக மனப்பாடம் செய்வதைவிடப் படிக்காமல் இருப்பது மேல். அசல் தேர்வின் கேள்விகள் என்று ‘ரீகால்’ விற்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். 2024 ஜனவரியில் நேபாளத்தோடு தொடர்புடைய பலரின் ஸ்கோர்களை யூஎஸ்எம்எல்இ செல்லாதவை என்று அறிவித்தது.

இப்போது எடை போடும் விஷயம். யூவேர்ல்டு சதவீதத்தை வைத்து ‘எனக்கு 255 வரும்’ என்று கணிக்காதீர்கள். அது பாடம், தராசு அல்ல. தராசு, என்பிஎம்இ என்ற அமெரிக்கத் தேர்வு வாரியம் நடத்தும் சுய மதிப்பீட்டுத் தேர்வுகள்தான், ஏனென்றால் அசல் தேர்வைத் தயாரிப்பதும் அவர்களே. ஒவ்வொன்றிலும் 200 கேள்வி, 50 கேள்வி கொண்ட நான்கு பகுதி, பகுதிக்கு 75 நிமிடம். விலை 60 டாலரைச் சுற்றி. முடிவில் எதிர்பார்க்கும் ஸ்கோரும், ஒரு வாரத்துக்குள் எழுதினால் பாஸ் ஆகும் வாய்ப்பும் வரும். யூவேர்ல்டின் சொந்த மாதிரித் தேர்வுகளையும் போடுங்கள், ஆனால் ஒன்றில் எகிறி வந்த எண்ணை மட்டும் நம்பித் தேதி எடுக்காதீர்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு என்பிஎம்இ, இரண்டிலும் குறி வைத்த எண் வந்தால் போகலாம். ஒன்றில் 252, அடுத்ததில் 238 என்றால் உங்கள் ஸ்கோர் 252 அல்ல. இலவசமாகக் கிடைக்கும் 120 கேள்வித் தொகுப்பைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை: கால அளவைப் பொறுத்து முந்நூறு சொச்சம் டாலரில் தொடங்கி ஐந்நூறைத் தாண்டும். வங்கி ஆப்பில் கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை முதலில் திறந்துவிடுங்கள். பல வங்கிகள் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும். மூன்று பேர் சேர்ந்து ஒரு கணக்கு வாங்குவது விதிப்படி கூடாது, உபயோகமும் இல்லை: மூன்று பேர் போட்ட விடை கலந்தால் ‘இன்கரெக்ட்’ வடிகட்டி செத்துவிடும்.

இந்தத் தொகை அதிகம் என்பவர் விண்ணப்பச் செலவைப் பார்க்கட்டும். 2025 மேட்ச் (விண்ணப்பித்தவர்களை ப்ரோக்ராம்களோடு சேர்க்கும் முறை) பருவத்திலிருந்து முதல் 30 ப்ரோக்ராமுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். 60 ப்ரோக்ராம் போட்டால் 1,230 டாலர்; ஸ்கோர் குறைவு, பயத்தில் 150 போட்டால் 3,930. கேள்வி வங்கியில் மிச்சம் பிடித்த காசு இங்கே பல மடங்காகப் போகும். அவ்வளவு போட்டும் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் மேட்ச் ஆகிறவர்கள் 2025-ல் 58 சதவீதத்தை ஒட்டித்தான். நூறில் நாற்பது பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

கடைசியாகத் தேதி. செப்டம்பர் கடைசியில் ப்ரோக்ராம்கள் விண்ணப்பத்தைத் திறக்கும்போது ஸ்கோர் அங்கே இருக்க வேண்டும். முடிவு வர மூன்று, நான்கு வாரம் என்று வைத்தால் ஜூலை இறுதிக்குள் எழுதிவிடுவது பாதுகாப்பு. சென்னை ப்ரோமெட்ரிக் தேர்வு மையத்தில் எழுதுபவர் வந்தே பாரத்தில் காலை ஏறினால் மதியம் எழும்பூர். தேர்வுக்கு முந்தைய நாளே போய்த் தங்குங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க வந்து அப்படியே 9 மணி நேரத் தேர்வில் உட்காருவது டிக்கெட் காசை மிச்சம் பிடித்து நாலைந்து புள்ளியைக் கொடுப்பது. அந்த 9 மணி நேரத்தில் 300-க்கு மேல் கேள்வி, இடைவேளை மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சென்னை கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூவேர்ல்டில் ஏழெட்டு ப்ளாக் தொடர்ச்சியாகப் போட்டுப் பாருங்கள், தயிர்சாதப் பொட்டலம் உட்பட. ஐந்தாவது ப்ளாக்குக்கு மேல் சதவீதம் எவ்வளவு சரிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் சரிந்தால் அந்த இரண்டு வாரமும் புதுப் பாடம் வேண்டாம், தினமும் நான்கு ப்ளாக் ஒரே மூச்சில்.